எந்த நாளில் சிலுவையில் அறையப்பட்டார்?

(லெந்து நாட்களில் நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை. வர இயலாமற்போன அன்பர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



 தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். பல சபைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலருடைய சபையில் பெரிய வெள்ளிக்கிழமையன்று மூன்று மணி நேர ஆராதனை உண்டு. சிலருடைய சபையில் அந்த நாளைத் தனியாக ஆசரிப்பதில்லை. இப்படிப்பட்ட எல்லாருடைய ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த மருத்துவமனை நடக்கிறது. ஆகவே இன்று நான் பேசப்போகிற காரியத்தை உங்களிடத்தில் பேசுவது பொருத்தமாயிருக்கும் என்று நினைத்தேன்.

வருஷந்தோறும் லெந்து நாட்களில் யாராவது ஒருவர் என் அறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. பெரும்பாலும் கையில் ஒரு துண்டுப் பிரதி இருக்கும். "ஐயா, ஆண்டவர் வெள்ளிக்கிழமை சிலுவையில் அறையப்படவில்லையாமே, புதன்கிழமையாமே, வேதத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாமே?" என்பார்கள். வியாழக்கிழமை என்று சொல்லுகிற பிரதிகளும் உண்டு. கேட்கிறவர்கள் வம்புக்குக் கேட்பதில்லை. பயந்துபோய்க் கேட்கிறார்கள். இத்தனை வருஷம் நாம் தவறான நாளை ஆசரித்து வந்தோமா, சபை நம்மை ஏமாற்றிவிட்டதா என்ற பயம் அவர்களுக்குள் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டியது போதகர்களுடைய கடமை.

கேள்வி எங்கிருந்து வருகிறது?

மத்தேயு 12:40-ல், யோனா பெரிய மீனின் வயிற்றில் இருந்ததுபோல மனுஷகுமாரனும் மூன்று பகலும் மூன்று இரவும் பூமியின் இருதயத்தில் இருப்பார் என்று ஆண்டவர் சொன்னார். இப்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கல்லறை காலியாயிருக்கிறது. இடையில் இரண்டே இரவுகள். மூன்றாவது இரவு எங்கே?

இது நேர்மையான கேள்வி. இதைக் கேட்டவர்கள் எல்லாரும் வேதத்தைப் புரட்டுகிறவர்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க சுவிசேஷகர் ஆர். ஏ. டோரி புதன்கிழமை என்றே கருதினார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பெரும் பண்டிதராயிருந்து, பிற்பாடு டர்ஹாம் அத்தியட்சரான வெஸ்ட்காட் வியாழக்கிழமை என்று எழுதினார். இருவரும் வேத வசனத்தைக் கனப்படுத்தினவர்கள்.

புதன்கிழமை என்பவர்களின் கணக்கு இது: புதன் மாலையில் அடக்கம், அதிலிருந்து சரியாக 72 மணி நேரம், சனிக்கிழமை மாலையில் உயிர்த்தெழுதல், ஞாயிறு காலையில் பெண்கள் வந்தபோது கல்லறை ஏற்கெனவே காலியாயிருந்தது. வியாழக்கிழமை என்பவர்களோ வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று இரவுகளை எண்ணிக் காட்டுகிறார்கள்.

எண்ணுகிற விதம்

நம்முடைய வார்டுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பிள்ளையைக் காய்ச்சலோடு சேர்க்கிறார்கள். ஞாயிறு காலையில் நான் ஜெபிக்கப் போகிறேன். தாய் சொல்லுகிறாள்: "மூணு நாளா ராத்திரி பகலா கண்ணு மூடல ஐயா." நர்ஸ் எழுதும் சார்ட்டைப் பார்த்தால் நாற்பது மணி நேரம்கூட ஆகியிராது. அந்தத் தாய் பொய் சொன்னாளா? இல்லை. சார்ட் மணிக்கணக்கை எழுதுகிறது. தாய் நாட்களைச் சொல்லுகிறாள். இரண்டும் மெய்தான். ஆனால் ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளந்தால் வீண் வாக்குவாதம் வரும்.

வேதாகமத்தின் ஜனங்களும் நாளின் ஒரு பகுதியை முழு நாளாகவே எண்ணினார்கள். எஸ்தர் ராஜாத்தி தனக்காக மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் பண்ணச் சொன்னாள் (எஸ்தர் 4:16). ஆனால் நாலாம் நாள் வரைக்கும் காத்திராமல், மூன்றாம் நாளிலேயே ராஜ வஸ்திரம் தரித்து ராஜாவின் சமுகத்தில் போய் நின்றாள் (5:1). ரெகொபெயாம் மூன்று நாளைக்குப் பிறகு வரும்படி ஜனங்களிடம் சொன்னான். அவர்கள் அவன் சொன்னபடியே மூன்றாம் நாளில் வந்தார்கள் (2 நாளாகமம் 10:5,12).

மருத்துவமனையில் ஊழியஞ்செய்கிறவனாகிய எனக்கு 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரம் விசேஷமானது. எகிப்திய வேலைக்காரன் ஒருவன் வியாதிப்பட்டபடியால் அவனுடைய எஜமான் அவனை வெளியிலே விட்டுப் போய்விட்டான். தாவீதின் ஆட்கள் அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் திராட்சப்பழமும் கொடுத்தார்கள். அவன் மூன்று பகலும் மூன்று இரவும் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தான் என்று 12-ஆம் வசனத்தில் வாசிக்கிறோம். அடுத்த வசனத்தில் அவன் தன் வாயாலே, வியாதிப்பட்டு இன்றோடு மூன்று நாள் என்ற பொருளில் பேசுகிறான். பட்டினி தொடங்கிய நாளும், அப்பம் கிடைத்த நாளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை.

யூத ரபிகளின் மரபும் இதையே சொல்லுகிறது. கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த எலெயாசார் பென் அசரியா என்னும் ரபி, ஒரு பகலும் இரவும் சேர்ந்தது ஒரு காலப்பகுதி என்றும், அதில் ஒரு பங்கு முழுமைக்குச் சமம் என்றும் கற்பித்தார்.

நம்முடைய ஆண்டவரை விரோதித்தவர்களும் இப்படியே எண்ணினார்கள். மத்தேயு 27:63,64-ஐ வாசித்துப் பாருங்கள். மூன்று நாளைக்குப்பின் எழுந்திருப்பேன் என்று இயேசு சொன்னதாகப் பிலாத்துவிடம் சொல்லி, மூன்றாம் நாள் வரைக்கும் காவல் கேட்கிறார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டவர் மூன்றாம் நாளில் எழுந்திருப்பார், எழுந்தார் என்று புதிய ஏற்பாடு பல இடங்களில் சொல்லுகிறது (மத்தேயு 16:21; லூக்கா 24:46; அப்போஸ்தலர் 10:40; 1 கொரிந்தியர் 15:4). முழுமையாக 72 மணி நேரம் கடந்திருந்தால், அந்த யூதக் கணக்கின்படி அது நாலாம் நாளாகிவிடும். எம்மாவுக்குப் போன சீஷர்கள் ஞாயிற்றுக்கிழமையன்று, இவைகள் சம்பவித்து இன்று மூன்றாம் நாள் என்கிறார்கள் (லூக்கா 24:21). வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. புதன்கிழமையிலிருந்து எண்ணினால் ஞாயிறு ஐந்தாம் நாள் அல்லவா?

"ஆயத்தநாள்" என்ற ஒரு சொல்

செமினரியில் கிரேக்கு வாசித்தபோது என் மனதில் பதிந்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். நமது தமிழ் வேதாகமத்தில் ஆண்டவர் மரித்த நாள் "ஆயத்தநாள்" என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. இதை வாசிக்கிற நாம் ஏதோ ஒரு பண்டிகைக்கு ஆயத்தம் பண்ணும் நாள் என்று மாத்திரம் எண்ணிக் கடந்துபோகிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் "பராஸ்கெவே". ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாதாகையால் அதற்கு முந்தின நாளிலேயே சமைத்து ஆயத்தம் பண்ணுவார்கள். அதனால் அந்தக் கிழமைக்கே அது பெயராகிவிட்டது. இன்றைக்கும் கிரேக்க நாட்டில் வெள்ளிக்கிழமைக்கு "பரஸ்கெவி" என்றுதான் பெயர்.

மாற்கு யூதரல்லாத வாசகர்களையும் மனதில் வைத்து எழுதினவர். ஆகவே அந்தச் சொல்லுக்குத் தாமே விளக்கமும் கொடுக்கிறார்: அது ஓய்வுநாளுக்கு முந்தின நாள் என்கிறார் (மாற்கு 15:42). லூக்காவும் அப்படியே சொல்லி, ஓய்வுநாள் தொடங்கப்போகிற வேளையில் அடக்கம் நடந்ததைக் குறிப்பிடுகிறார் (23:54).

இதற்கு எதிராகப் புதன்கிழமை என்பவர்கள் சொல்லும் பதிலையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓய்வுநாள் பெரிய நாளாயிருந்தது என்று யோவான் 19:31 கூறுகிறது. பஸ்காவை அடுத்துவரும் புளிப்பில்லா அப்பப் பண்டிகையின் முதல் நாளில் எந்தக் கிழமையானாலும் வேலை செய்யக்கூடாது (லேவியராகமம் 23:7). ஆகவே யோவான் சொல்லுவது அந்தப் பண்டிகை ஓய்வையே, சனிக்கிழமையை அல்ல என்கிறார்கள். மேலும், பெண்கள் ஓய்வுநாளுக்குப்பின் கந்தவர்க்கங்களை வாங்கினதாக மாற்கு 16:1 சொல்லுகிறது. கந்தவர்க்கங்களை ஆயத்தம்பண்ணிய பின் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்ததாக லூக்கா 23:56 சொல்லுகிறது. அப்படியானால் இரண்டு ஓய்வுகளுக்கு நடுவே ஒரு வேலைநாள் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வாதம் சாமர்த்தியமானதுதான். ஆனாலும் அந்த வருஷத்தில் பண்டிகை நாளும் சனிக்கிழமையும் ஒரே நாளில் வந்திருந்தால், அது பெரிய நாள் என்று சொல்ல இரட்டிப்பான காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் கையிலிருந்ததைக் கொண்டு அவசரமாக ஆயத்தம்பண்ணி, குறைந்ததைச் சனிக்கிழமை சூரியன் மறைந்தபின் கடைதிறந்ததும் வாங்கியிருக்கலாம். துக்க வீட்டில் இப்படி இரண்டு தரம் கடைக்குப் போகாத குடும்பம் உண்டோ? சுவிசேஷகர்கள் அதற்குப் பட்டியல் எழுதி வைக்கவில்லை.

பஸ்கா போஜனம் எந்த இரவில் நடந்தது என்பதில் முதல் மூன்று சுவிசேஷங்களுக்கும் யோவானுக்கும் இடையே ஒரு வித்தியாசம் தெரிகிறது (மாற்கு 14:12, யோவான் 18:28). அது நிசான் மாதம் 14-ஆம் தேதியா, 15-ஆம் தேதியா என்பதைப் பற்றியது. கிழமையைப் பற்றியது அல்ல. பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர் அனி ஜோபேர் 1957-ல் கும்ரான் சமூகத்தாரின் நாட்காட்டியைக் கொண்டு இதற்கு விடை தேடினார். இராப்போஜனம் செவ்வாய் இரவில் நடந்தது என்று சொன்ன அவரும், சிலுவை மரணம் வெள்ளிக்கிழமை என்றே வைத்தார். வானசாஸ்திரக் கணக்கு பார்க்கிறவர்கள், பிலாத்து தேசாதிபதியாயிருந்த கி.பி. 26 முதல் 36 வரையுள்ள காலத்தில், முக்கியமாகக் கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரண்டு தேதிகளைச் சொல்லுகிறார்கள். இரண்டும் வெள்ளிக்கிழமைகளே. ஆனாலும் அந்நாட்களில் பிறையைக் கண்ணால் பார்த்தே மாதத்தைத் தொடங்கினார்கள். ஆதலால் இந்தக் கணக்கின்மேல் நம் விசுவாசத்தைக் கட்ட வேண்டியதில்லை.

பழைய சபையின் சாட்சி

வெள்ளிக்கிழமை என்பது கான்ஸ்டன்டைன் ராஜாவின் காலத்தில் புறமதத்திலிருந்து நுழைந்த வழக்கம் என்று சில பிரதிகள் கூறுகின்றன. இது சரித்திரத்துக்கு விரோதமானது. கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம் நடந்தது கி.பி. 325-ல். அதற்கு ஏறக்குறைய 170 வருஷங்களுக்கு முன்பே, இரத்தசாட்சியான யுஸ்தீன் ரோமாபுரியிலிருந்து எழுதிய நூலில், கிறிஸ்து சனிக்கிழமைக்கு முந்தின நாளில் சிலுவையில் அறையப்பட்டு, மறுநாள் கழித்து ஞாயிற்றுக்கிழமையில் தரிசனமானார் என்று தெளிவாய்க் குறித்திருக்கிறார். அதற்கும் முந்தியதாக எண்ணப்படுகிற "டிடாகே" என்னும் சபை ஒழுங்கு நூல், புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உபவாசிக்கச் சொல்லுகிறது. அங்கே வெள்ளிக்கிழமைக்கு வருவதும் அந்தப் "பராஸ்கெவே" என்ற சொல்லே.

ஆகவே என் நிதானத்தைக் கேட்டால், நமது முன்னோர் ஆசரித்த வெள்ளிக்கிழமைக்கே வேதத்திலும் சரித்திரத்திலும் உறுதியான ஆதாரம் இருக்கிறது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்லுகிறேன். பயந்தவர்கள் பயம் நீங்கிப் போகலாம்.

ரோமாபுரியில் நடந்த ஒரு இராப்போஜனம்

ஆனால் சரியான விடையைக் கண்டுபிடித்தவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. விடை தெரிந்தவன் தெரியாதவனை எப்படி நடத்துகிறான் என்பதும் ஒரு கேள்விதான்.

ஏறக்குறைய கி.பி. 155-ல் சிமிர்னா சபையின் அத்தியட்சரான பொலிகார்ப்பு முதிர்வயதில் ரோமாபுரிக்குப் பிரயாணம் பண்ணினார். அவர் யோவானிடத்தில் கற்றவர் என்று அவருடைய மாணவரான இரேனேயு சொல்லுகிறார். சின்ன ஆசியாவின் சபைகள் எந்தக் கிழமையில் வந்தாலும் நிசான் 14-ஆம் தேதியிலேயே பஸ்காவை ஆசரித்தன. ரோமாபுரிச் சபையோ உயிர்த்தெழுதலை ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் கொண்டாடியது. ஆண்டவர் எந்தக் கிழமையில் மரித்தார் என்பதல்ல, அந்த மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் எந்த நாளில் ஆசரிப்பது என்பதே அன்றைய வழக்கு. ரோமாபுரியின் அத்தியட்சரான அனிசேத்துவும் பொலிகார்ப்பும் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவரை ஒருவர் இணங்கச் செய்ய முடியவில்லை. பொலிகார்ப்பு அப்போஸ்தலரிடம் கற்றதை விடமாட்டார். அனிசேத்து தமக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விடமாட்டார்.

பிறகு என்ன நடந்தது? அனிசேத்து தம்முடைய சபையில் திருவிருந்தை நடத்தும் கனத்தைப் பொலிகார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார். கருத்து ஒன்றுபடாமலே, சமாதானத்தோடே பிரிந்துபோனார்கள். பொலிகார்ப்பு ஊர் திரும்பிச் சொற்ப காலத்துக்குள் இரத்தசாட்சியாக மரித்தார்.

ஏறக்குறைய 35 வருஷங்களுக்குப்பின், கி.பி. 190-ஐ ஒட்டி, ரோமாபுரியில் விக்டர் என்பவர் அத்தியட்சரானார். எல்லாரும் ஒரே நாளை ஆசரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். எபேசுவின் அத்தியட்சரான பொலிக்கிராத்து, தாம் கர்த்தருக்குள் 65 வருஷம் ஜீவித்தவர் என்றும் பயமுறுத்தலுக்கு அஞ்சமாட்டார் என்றும் பதில் எழுதினார். விக்டர் ஆசியாவின் சபைகளையெல்லாம் ஐக்கியத்திலிருந்து தள்ளிவிட முயன்றார். அப்போது கால் தேசத்தில் லியோன் பட்டணத்தின் அத்தியட்சராயிருந்த இரேனேயு குறுக்கிட்டார். நாளைப் பற்றிய காரியத்தில் அவர் விக்டரின் பக்கம்தான், ஞாயிற்றுக்கிழமையையே ஆசரித்தவர். ஆயினும் விக்டரைக் கண்டித்து எழுதினார். உபவாசத்தின் நாட்களில்கூட ஒருவர் ஒரு நாள், ஒருவர் இரண்டு நாள் என்று வேறுபடுகிறார்களே, அப்படியிருந்தும் சமாதானமாய் வாழ்ந்தார்களே என்று எடுத்துக்காட்டி, பொலிகார்ப்பும் அனிசேத்துவும் ஒன்றாய்ப் பங்குபெற்ற அந்தத் திருவிருந்தை அவருக்கு நினைப்பூட்டினார். இவையெல்லாம் யூசேபியுவின் சபைச் சரித்திரத்தில் ஐந்தாம் புத்தகத்தில் இருக்கின்றன.

தன் பக்கத்தைச் சேர்ந்தவன் வரம்பு மீறும்போது அவனைத் தடுப்பதற்குத் தைரியம் வேண்டும். இரேனேயு என்ற பெயருக்குச் சமாதானம் என்பதே பொருள். அந்தப் பெயருக்குத் தக்கபடி நடந்தார் என்று யூசேபியுவும் எழுதுகிறார்.

படுக்கையருகே

இதையெல்லாம் ஏன் மருத்துவமனையில் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் சிறுநீரகம் பழுதாகி நம்மிடத்தில் நெடுநாள் கிடந்தார். பிழைக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் தகப்பனாரின் சபையிலேயே இருந்தார். இளையவர் வேறொரு ஐக்கியத்தில் சேர்ந்து, வெள்ளிக்கிழமையை ஆசரிப்பது மனுஷர் கற்பனை என்று கற்றிருந்தார். பெரிய வெள்ளி நெருங்கின வாரம். ஒருவர் ஜெபித்தால் மற்றவர் வராந்தாவுக்குப் போய்விடுவார். தலைமாட்டில் இளையவர் வைத்த பிரதியை மூத்தவர் எடுத்து எறிவார்; அவர் மறுபடியும் வைப்பார்.

ஒரு நாள் பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, என் பிள்ளைகள்ல யார் சொல்றது சரி?"

நான் சொன்னேன்: "நாளைப் பற்றி மூத்த தம்பி சொல்லுறதுதான் சரின்னு நான் நம்புறேன். ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆண்டவரைத்தான் சொல்லுறாங்க."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னைக்குச் செத்தாருங்கிறது இருக்கட்டும் ஐயா. எனக்காகச் செத்தாரு. அதை ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு வாசிக்கச் சொல்லுங்க," என்றார்.

அன்று மாலை யோவான் 19-ஆம் அதிகாரத்தின் முதல் பாதியை மூத்தவர் வாசித்தார். மறு பாதியை இளையவர் வாசித்தார். அந்த அதிகாரத்தில்தான் ஆயத்தநாளும் பெரிய ஓய்வுநாளும் வருகின்றன. யாரும் விளக்கம் சொல்லவில்லை. அந்தச் சகோதரர்கள் நாளைப் பற்றி ஒரே மனதாகிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தகப்பனார் கண் மூடினபோது இருவரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். ஒருவரும் வராந்தாவில் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

அன்பானவர்களே, நாள் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நமது விசுவாசம் கட்டுக்கதையின்மேல் நிற்பதல்ல. பொந்தியு பிலாத்துவின் காலத்தில், எருசலேமில், ஒரு மெய்யான நாளில், மெய்யான மரத்தில் நம்முடைய ஆண்டவர் மரித்தார். ஆகவே அந்த நாளைத் தேடுவது நல்லது. ஆனால் பவுல் அப்போஸ்தலன் தான் பெற்றுக்கொண்டதையும் ஒப்புவித்ததையும் சொல்லும்போது, கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்ததையும், அடக்கம்பண்ணப்பட்டதையும், மூன்றாம் நாளில் எழுந்ததையும் சொல்லுகிறான் (1 கொரிந்தியர் 15:3,4). கிழமையின் பெயரைச் சொல்லவில்லை. நாட்களை ஒருவன் ஒருவிதமாயும் மற்றவன் வேறுவிதமாயும் எண்ணினாலும், அவனவன் தன் மனதில் நிச்சயித்துக் கர்த்தருக்கென்று செய்யட்டும் என்றும் எழுதுகிறான் (ரோமர் 14:5,6).

இன்றைக்கும் நாட்காட்டி வேறுபடுகிறது. 2024-ல் நாம் மார்ச் 31-லும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் மே 5-லும் உயிர்த்தெழுதலைக் கொண்டாடினோம். நிசேயா சங்கத்துக்கு 1700 வருஷம் நிறைவான 2025-ல் இரு சாராரும் ஏப்ரல் 20-லேயே கொண்டாடினோம். ஐந்து வாரம் வித்தியாசமாய் வந்தபோதும், ஒரே நாளில் வந்தபோதும், கல்லறை காலியாகவே இருந்தது.

ஆதலால் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்ளுகிறேன். முதலாவது, இப்படிப்பட்ட பிரதி உங்கள் கைக்கு வந்தால் கோபத்தோடே கிழிக்கவும் வேண்டாம், பயத்தோடே நம்பவும் வேண்டாம். வேதாகமத்தைத் திறந்து வைத்து, இரு பக்கத்து வசனங்களையும் வாசியுங்கள். இரண்டாவது, வியாதிப்படுக்கைக்கு இந்த வழக்கைக் கொண்டுபோகாதிருங்கள். சாகக் கிடக்கிறவனுக்கு வேண்டியது இரட்சகர். மூன்றாவது, நாள் குறித்து உங்களோடு ஒத்துப்போகாத சகோதரன் வீட்டில் இந்தப் பெரிய வெள்ளிக்கு முன்னாவது, பின்னாவது ஒரு வேளை சாப்பிடுங்கள். அல்லது அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

பெரிய வெள்ளியன்று இங்கே வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கும்; ஆனால் பிரசவ வார்டும் அவசர சிகிச்சைப் பிரிவும் மூடுவதில்லை. அன்று வேலைசெய்கிற நர்ஸ்களும் டாக்டர்களும் பற்பல சபையைச் சேர்ந்தவர்கள். உங்கள் காணிக்கையினால் மருந்து பெறுகிற ஏழை நோயாளி, அதைக் கொடுத்தவர் எந்த நாளை ஆசரிக்கிறவர் என்று கேட்பதில்லை. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக நாங்களும் ஜெபிக்கிறோம்.

நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காக ஒரே தரம் பலியானார். அவருடைய சமாதானம் உங்கள் வீடுகளிலும் சபைகளிலும் தங்கியிருப்பதாக. ஆமென்.